வரப்புக்குப் போட்ட கோடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் அண்ணனுக்குக் கோபம்கூட வரவேண்டியதில்லை, அதற்கு முன்னால் கை வந்துவிடும். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரே சரிவில் எங்கள் இரண்டு பேருக்கும் மானாவாரிக் காடு. மேல் பாதி அவனுக்கு, கீழ் பாதி எனக்கு. மழை பெய்தால் அவன் காட்டுத் தண்ணீர் மொத்தமும் என் காட்டில் இறங்கி, விதைத்த சோளத்தையும் மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு கண்மாய்க்குப் போய்விடும். வருசா வருசம் மண் குறைந்துகொண்டே வந்தது. உழுகிற டிராக்டருக்குப் பின்னால் நடந்தால் கொழு பாறையில் உரசுகிற சத்தம் கேட்கும், எனக்குப் பல் கூசும். இன்னொரு பெருமழைக்குக் காடு தாங்காது என்று தெரிந்துவிட்டது.

மண் பாதுகாப்பு ஆபீசுக்கு நடையாய் நடந்து ஒரு இன்ஜினியர் பெண்ணைக் கூட்டிவந்தேன். சின்னப் பெண், ஆனால் வெயிலுக்கு முகம் சுளிக்காத ஆள். சரிவில் ஒரே உயரமாகப் பார்த்து வரப்பு போட வேண்டும், அப்போதுதான் தண்ணீர் நின்று உள்ளே இறங்கும் என்றாள். உயரத்தைப் பார்த்துப் போகிற வரப்பு எல்லையைப் பார்த்துப் போகாது. ஒரு இடத்தில் வளைந்து அண்ணன் காட்டுக்குள் ஏறும், இன்னொரு இடத்தில் என் காட்டுக்குள் இறங்கும். எனக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் அவளே அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அண்ணன் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். மதினி கேட்டுவிட்டு, "நல்ல காரியந்தான, போடுங்க" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பியது. கருவியை வைத்துப் பார்த்துப் பார்த்து, காட்டின் குறுக்கே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம். மறுநாள் காலையில் மண் வெட்டும் மெசின் வருவதாக ஏற்பாடு.

எங்கள் பக்கம் காட்டில் சுண்ணாம்பு விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சர்வேயர் வந்து அளந்துவிட்டார், பங்கு பிரியப் போகிறது. வேறு எதற்கும் யாரும் காட்டில் சுண்ணாம்பு போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா பிரித்துக் கொடுத்தது வாய்ப்பேச்சுப் பாகம். மேல் காடு கொஞ்சம் அகலம். என்றைக்காவது நான் அளக்கச் சொல்வேன் என்ற பயம் அண்ணன் வயிற்றில் ரொம்ப நாளாய் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் நாங்கள் கோட்டை முடிக்கிற நேரத்தில், சந்தையிலிருந்து வந்தவன் வீட்டுக்குப் போகாமல் நேரே காட்டுப் பாதையில் வந்தான். தன் காட்டுக்குள் வெள்ளைக் கோடு ஏறியிருப்பதைப் பார்த்தான். வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு, வேலி வெட்ட வண்டியில் வைத்திருந்த அருவாளை உருவிக்கொண்டு ஓடிவந்தான்.

"எம்புட்டுடா எடுக்கப் போற? சொல்லு, எம்புட்டு?"

"அண்ணே, இது அளக்குறதுக்கு இல்ல. வரப்புக்கு..."

அருவாள் என் கழுத்துக்குத்தான் வந்தது. இடது கையைக் குறுக்கே கொடுத்தேன். இரண்டு விரல் போய்விட்டது. வலி தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது. என் வலது கையில் மண்வெட்டி இருந்தது. அதன் கணைக்கம்பால் அவன் தோளில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது, கேட்டதும் சந்தோசமாக இருந்தது. விழுந்தவனை மறுபடி அடித்தேன். அந்தப் பெண் துப்பட்டாவால் என் கையைக் கட்டிக்கொண்டே, "போதும்ணே, விடுங்கண்ணே" என்று அழுதாள். சுண்ணாம்புக் கோடு முழுக்க எங்கள் இரண்டு பேர் ரத்தமும் சிந்திக் கிடந்தது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் அவன் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. மதினி என் கட்டிலுக்கு வந்து நின்றது. "சுண்ணாம்பப் பாத்ததும் பங்குன்னு நெனச்சுப்புட்டாரு. இப்பச் சொல்லிட்டேன், வெளங்கிருச்சு" என்றது. விளங்கியவன் என் கட்டில் பக்கம் வரவில்லை. சொந்தபந்தம் பேசிக் கேஸ் இல்லாமல் முடித்துவைத்தார்கள். ஆபீசில் மட்டும் முடியாது என்றுவிட்டார்கள். வெட்டுக்குத்து நடந்த காட்டில், இரண்டு பேரும் சேர்ந்து வந்து நிற்காமல் மெசினை இறக்க மாட்டார்களாம். அந்த வருசத்து வேலை பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மத்தியானம் மழை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மேல் காட்டிலிருந்து செந்தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது. கல்லைத் தூக்கிப் போட்டேன், கருவேல முள்ளை இழுத்துப் போட்டேன், எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. ஆறின கை மறுபடி பிளந்தது. தொடை வரைக்கும் ஓடுகிற தண்ணீரில் நின்றுகொண்டு அவனைப் பெயர் சொல்லித் திட்டினேன், நாசமாய்ப் போக என்றேன். அவன் மட்டும் அப்போது எதிரில் வந்திருந்தால் அந்தத் தண்ணீரிலேயே அமுக்கிக் கொன்றிருப்பேன். மழை விட்டபோது என் காட்டில் மண் இல்லை. கறி வழித்த எலும்பு மாதிரி பாறை கிடந்தது. தண்ணீர் அறுத்த பள்ளம் மேலேறி அவன் காட்டிலும் ஒரு பகுதியைத் தின்றிருந்தது.

கோடையில் கண்மாய் வற்றியதும் விவசாயிகள் வண்டல் அள்ளிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். நான் டிராக்டரோடு போனேன். கண்மாய்க்குள் கறுப்பு வண்டலுக்கு மேலே எங்கள் காடு சிவப்பாய்ப் படிந்து கிடந்தது. அதில் நின்று அண்ணன் அள்ளிக்கொண்டிருந்தான், முறிந்த தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நான் மண்வெட்டியோடு இறங்கியதும் சுற்றி அள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

அவன் என் கையைப் பார்த்தான். பிறகு சொன்னான். "இது ஒனக்குத்தான். வரப்பு இல்லாம எங்க கொட்டுனாலும் அடுத்த மழைக்கு மறுபடி இங்கதான் வந்து கெடக்கும். ஆபீசுக்கு எப்பப் போகணும்னு சொல்லு, வாரேன்."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. இன்னொரு அறை விட்டேன். அவன் கை தூக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் குனிந்து அள்ள ஆரம்பித்தான்.

சாயங்காலம் வரை இரண்டு டிராக்டரும் கொட்டிக்கொண்டே இருந்தன. பாறையில் ஒரு மூலைகூட மறையவில்லை. எங்கள் ஆயுசு முழுக்க அள்ளினாலும் மறையாது என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். இருட்டுகிற நேரத்தில், "இன்னொரு நடை போவமா?" என்று என்னைக் கேட்டான்.