பல்லிக்குப் பார்த்த திசை

கண்ணாடித் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, தங்கச்சி. இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா துறைமுகத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டு ரொறொன்ரோப் பக்கம் லொறி ஓடிப் போயிருந்தார். மற்றது, தொட்டிக்குச் சொந்தக்காரரான பல்லி. அது நகரத்தின் ஓரத்தில் உள்ள இல்-பிசார் தீவில் முன்பின் அறியாத ஒரு பெண்மணியின் வீட்டில் இருந்தது.

அந்தப் பெண்மணியின் மகன் மேற்கே வேலை கிடைத்துப் போனபோது தன் சிறுத்தைப் பல்லியை விட்டுவிட்டுப் போயிருந்தான். என்னோடு படிக்கும் ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. பல்லிக்கு விலை இல்லை, ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. முதலில் அதற்கு ஒழுங்கான வீடு அமைத்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் பிடித்தால்தான் பல்லி.

எங்கள் வீட்டில் வாசிக்கிற ஆள் நான். அப்பாவின் பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு முடிந்தது, அம்மாவுடையது ஐந்தாம் வகுப்போடு. ஒன்பது வயதிலிருந்து அரசாங்கக் கடிதம், மின்சாரக் கட்டணம், வீட்டு ஒப்பந்தம், வைத்தியர் கொடுத்த தாள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். “இதை ஒருக்கா வாசி தம்பி” என்று அம்மா வைத்துவிட்டுப் போவார். நான் வாசித்ததெல்லாம் யாருக்காவது எதற்காவது தேவைப்பட்டவை. பல்கலைக்கழகத்தில் எடுத்த பாடங்களும் அப்படித்தான்.

பல்லியைப் பற்றி வாசித்தது மட்டும் யாருக்கும் தேவைப்படாதது. விரிவுரைகளுக்கு நடுவே நூலகத்தின் நாலாம் மாடியில் உட்கார்ந்து, வறண்ட மலைச்சரிவுகளையும், பகல் முழுக்கச் சூடேறிய கற்பிளவுகளையும், பொழுது சாய்ந்ததும் அங்கிருந்து மெல்ல வெளியே வரும் புள்ளி போட்ட உடம்புகளையும் வாசித்தேன். வெளியே வந்தால் கோட்-டெ-நெய்ஜ் பகுதியின் சாய்வான தெருவே ஒரு மலைச்சரிவாகத் தெரியும். பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் எல்லோரும் கல்லிடுக்கிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் போல இருப்பார்கள். இரண்டு தடவை என் பேருந்தை விட்டுவிட்டேன்.

தொட்டியின் அடியில் மணல் போடவில்லை. மணலை விழுங்கினால் குடல் அடைக்கும் என்று வாசித்திருந்தேன். தரையோடுகள் பரப்பினேன். ஒரு பக்கத்தில் ஓடுகளுக்குக் கீழே சூட்டுப் பாய், அதன் சூடு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு சிறிய கருவி. அந்தப் பக்கம் முப்பத்திரண்டு பாகை, மறுபக்கம் இருபத்தைந்து. ஒளிந்துகொள்ள மூன்று இடம் வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, தோல் உரிக்கும் காலத்துக்கு ஈரப்பாசி வைத்த ஒன்று. மூன்றாவதை அம்மா செய்தார். எங்கள் வீட்டு அலுமாரியில் கழுவி அடுக்கிய மார்ஜரின் டப்பாக்களுக்குக் குறைவில்லை. கத்தி நுனியைச் சூடாக்கி ஒரு வாசல் வெட்டி, கை வைத்துப் பார்த்து, விளிம்பு குத்தாமல் தேய்த்தும் தந்தார்.

“அண்ணா, எங்களுக்கு ரெண்டு அறை. உதுக்கு மூண்டோ?” என்றாள் தங்கச்சி.

“வாடகை குடுக்கிறது நாங்கள் எண்டு அதுக்குத் தெரியாதுதானே” என்றார் அம்மா.

பிறகுதான் அம்மா கேட்டார்: “சரி, எந்தத் திசையில வைக்கப் போறாய்?”

நான் உள்சுவரைக் காட்டினேன். சமையலறை அடுப்புக்குப் பின்புறம் உள்ள சுவர் அது. மாரிக் குளிரிலும் கதகதப்பாக இருக்கும். அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு உள்ளே போய் நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். தமிழ்க் கடையில் புதுவருடத்துக்குத் தந்த நாட்காட்டி. அதன் பின் அட்டையில் பல்லி சொல்லும் பலன் அச்சடித்திருந்தது: எந்தக் கிழமை, எந்தத் திசை, என்ன பலன்.

“அம்மா, இந்தப் பல்லி சொல்லாது. வீட்டுப் பல்லி மாதிரி இல்லை. சுவரிலயும் ஏறாது.”

“பல்லி எண்டா எப்பவோ ஒருநாள் சொல்லும்.”

தங்கச்சி தன் தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து நடுக் கூடத்தில் நின்று, நான் காட்டிய சுவர் மேற்கு என்றாள். அம்மா சோபாவில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து, வரிக்குக் கீழே விரலை நகர்த்தி வாசிக்கத் தொடங்கினார். “தி...ங்கள். கிழக்கு. உறவினர் வரவு.” ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எதையாவது வாசித்து நான் கேட்டது அதற்கு முன் நினைவில் இல்லை. “மேற்கில ரெண்டு நாள்தான் நல்லது. மற்றதெல்லாம் கலகம், வீண் அலைச்சல். வடகிழக்கு எண்டா அஞ்சு நாள் நல்லது” என்று நிமிர்ந்தார். நெற்றியில் வியர்த்திருந்தது.

வடகிழக்கில் இருந்தது சன்னல். சன்னலோரம் வைக்கவே கூடாது என்று நான் மூன்று இடத்தில் வாசித்திருந்தேன். அந்தச் சட்டகம் பழையது, மாரியில் விளிம்பில் கை வைத்தால் ஊசி குத்துவதுபோலக் காற்று வரும் என்பதும் தெரியும். ஆனால் அன்று புரட்டாதிக் காலை வெயில் கூடத்தின் பாதி வரை வந்து படுத்திருந்தது. அம்மாவின் விரல் இன்னும் அந்த வரியில் இருந்தது. நீங்கள் வாசித்தது சரியில்லை என்று அந்த விரலுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சரி அம்மா” என்றேன்.

படம் அனுப்பினோம். இல்-பிசாரிலிருந்து பதில் வந்தது: வாருங்கள்.

மெட்ரோவும் இரண்டு பேருந்துமாகப் போய், பல்லியை ஒரு சின்னப் பெட்டியில் வாங்கி, குளிர்ச்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பினேன். பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. தீவில் சத்தமே இல்லை. மேப்பிள் இலை விழும் ஒலிகூடக் கேட்டது. என் இதயம் அடிப்பது பெட்டிக்குள் அதற்குக் கேட்குமோ என்று யோசித்தேன். கேட்டால், அதை அது எந்தத் திசைப் பலனாக எடுத்துக்கொள்ளும்?

அடுத்த ஐந்தாறு வாரங்கள் கனவு போலப் போயின. பல்லிக்கு இமை இருந்தது. கண்ணை மூடித் தூங்கும். தூங்கும்போது சிரிப்பதுபோல வாய் இருக்கும். அந்திப்பொழுதில் மார்ஜரின் டப்பா வாசலில் தலையை வைத்து, தெருவில் போகும் பேருந்து விளக்குகளைப் பார்க்கும். கண்ணை நாக்கால் துடைக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சில்வண்டு, கல்சியம் தூள் தூவி. வெள்ளிக்கிழமையில் மட்டும் கிடையாது.

“வெள்ளிக்கிழமை இந்த வீட்டில மச்சம் மாமிசம் இல்லை. ஆருக்கும் இல்லை” என்று அம்மா சொல்லிவிட்டார். பல்லியும் மறுப்புச் சொல்லவில்லை.

அப்பா ஞாயிறுகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். “ஊரில சும்மா சுவரில திரியிறது. இஞ்ச மெத்தை போட்டுக் கிடக்குது. காசு எவ்வளவு முடிஞ்சுது?”

“பல்லி சும்மா வந்ததப்பா” என்பார் அம்மா. அது பொய் இல்லை.

கார்த்திகை நடுவில் குளிர் இறங்கியது. முதலில் பல்லி வெளியே வருவது குறைந்தது. பிறகு சில்வண்டு அதன் முகத்துக்கு முன்னால் நடந்து போனாலும் பார்க்கவில்லை. சிறுத்தைப் பல்லி கொழுப்பைச் சேமிப்பது வாலில். விரல் பருமனாக இருந்த வால் இரண்டு கிழமையில் பென்சிலாகிவிட்டது. நான் சூட்டுப் பாயைக் கூட்டினேன், தொட்டிக்குப் பின்னால் துவாய் செருகினேன், விடிய எழும்பிப் பாகை பார்த்தேன். குளிர்ந்த பக்கம் பதினாறு. தொட்டியை நகர்த்துவோம் என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று அம்மா கேட்பார். அம்மாவோ ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் குனிந்து, “என்ன ராசா, வீடு பிடிக்கேல்லையோ?” என்று அதனிடம் கேட்டுவிட்டுப் போவார்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் அன்று விடுமுறை. நானும் வாறன் என்று, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதன் மேல் பல்லிப் பெட்டி.

வைத்தியர் இளம் பெண். வாலைத் தொட்டார், வாயைத் திறந்து பார்த்தார், நிறுத்துப் பார்த்தார். நோய் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு பிரெஞ்சில் என்னைக் கேட்டார்: தொட்டி எங்கே இருக்கிறது?

சன்னலோரம் என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். குளிரில் இதற்குச் சாப்பாடு செமிக்காது, செமிக்காது என்று தெரிந்துதான் சாப்பிடாமல் இருக்கிறது, இன்னும் இரண்டு கிழமை இப்படிப் போனால் தாங்காது என்றார். அந்த இடத்தை யார் தெரிவு செய்தது?

“நான்” என்றேன்.

இத்தனை வருடமும் அலுவலகங்களில் அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். நான் திரும்பிச் சொல்லும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அன்றும் அப்படி இருப்பார் என்றுதான் நினைத்தேன்.

“நோன்” என்றார் அம்மா. “செ முவா.” இல்லை, நான்தான் என்று. பிறகு, ஆஸ்பத்திரி நடைவழிகளில் பொறுக்கிச் சேர்த்த பிரெஞ்சில், மகன் வேறு சுவரைக் காட்டினான், நான் சொன்னதால் விட்டுவிட்டான் என்று முழுவதையும் சொன்னார். ஒரு சொல்லுக்கும் என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பும்போது பேருந்துக் கண்ணாடியில் பனி உருகி வழிந்துகொண்டிருந்தது.

“உனக்குத் தெரியும், என்ன?” என்றார் அம்மா.

“ஓம்.”

“பேந்து ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் வாசிச்சனீங்கள்.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “விசரா” என்றார். “வாசிக்கிறது பிழைக்கும். எனக்கும் பிழைக்கும், உனக்கும் பிழைக்கும். அதுக்காக ஒரு சீவனைக் கொல்லுறதோ?” போத்தலைத் துணிக்குள் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், தொட்டி இருந்த மேசையின் ஒரு பக்கத்தை அம்மா பிடித்தார். நானும் தங்கச்சியும் மறுபக்கம். தொட்டி கூடத்தைக் கடந்து அடுப்புச் சுவருக்குப் போனது.

“மேற்கு அம்மா. கலகம் எண்டெல்லோ போட்டிருக்கு” என்றாள் தங்கச்சி.

“உன்ர கொப்பரும் நானும் இருக்கிற வீட்டில கலகம் புதுசோ? பிடி.”

நாலாம் நாள் பின்னேரம். வெளியே பனி சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. கூடத்தில் தொட்டி மூடியில் இருந்த சின்ன விளக்கின் வெளிச்சம் மட்டும், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு துண்டு மத்தியானம் போல. பல்லி மார்ஜரின் வாசலைத் தாண்டி வந்தது. ஒரு கால், நிற்றல், இன்னொரு கால். சில்வண்டு ஓட்டின் மேல் நின்றது. பென்சில் வாலின் நுனி மட்டும் மெல்ல நடுங்கியது. நாங்கள் மூவரும் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு பாய்ச்சல், இரண்டு மெல்லல்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனார்.

ஒரு மாதம் கழித்து வால் மறுபடி விரலானது. அந்த ஞாயிறு அப்பாவும் வீட்டில். மூடியைத் திறந்து, லொறிச் சக்கரம் பிடித்துத் தடித்த தன் விரலைப் பல்லியின் மூக்குக்கு நேரே நீட்டினார். பல்லி திடுக்கிட்டு, உடம்பை உயர்த்தி, “கீச்” என்றது.

ஒரேயொரு தடவைதான். சொல்லாத பல்லி என்று நான் அடித்துச் சொன்ன பல்லி.

அம்மா விரல் நுனியால் மேசையில் மூன்று தரம் தட்டினார். பிறகு எழுந்து போய் நாட்காட்டியைக் கழற்றி வந்து, வரிக்குக் கீழே விரலை வைத்தார். “ஞாயிறு. மேற்கு.” விரல் நகர்ந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. “த...னலாபம்.”

“தனலாபமோ?” என்றார் அப்பா. “அப்ப இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ. சும்மா வந்த பல்லிக்கு எவ்வளவு முடிஞ்சுது?”

அம்மா என்னைப் பார்த்தார். தொட்டி, பாய், கருவி, ஓடு, பாசி, தூள், வைத்தியர் எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிச் சொன்னேன்.

வரியோடு முந்நூற்று எண்பத்தேழு டொலர்.