கடலில் ஒரு மேடு

எங்கள் மூவரில் யார் கேமராவோ லென்ஸோ வாங்கினாலும் அது முதலில் போய் நிற்க வேண்டிய இடம் மாமல்லபுரத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் பின்பக்கச் சுவர். பூச்சு இல்லாத செங்கல் சுவர். எலுமிச்சம்பழம் நசுக்குவது, சந்தனம் குங்குமம் வைப்பது எல்லாம் அப்புறம்தான். சுவருக்கு நேராக ஸ்டாண்டை நிறுத்தி, செங்கல் வரிசை படத்தின் ஓரத்துக்கு இணையாக வரும்வரை அப்படியும் இப்படியும் நகர்த்தி, ஒரு படம் எடுப்போம். மூலைச் செங்கல் மங்கினால் லென்ஸ் சுமார். வரிசை வளைந்தால் லென்ஸ் மோசம். இதற்குப் பெண் பார்க்கப் போவது என்று எங்களுக்குள் பெயர் வைத்திருந்தோம். மீன் பெட்டியோடு அந்தப் பக்கம் போகிறவர்கள், ஊர் முழுக்கச் சிற்பம் இருக்கும்போது வெறுஞ்சுவரை எடுக்கிற எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

மூவர் என்றால், முதலில் நான். கூடுவாஞ்சேரியில் குடி, செங்கல்பட்டில் வங்கி உத்தியோகம். இரண்டாமவர் கல்பாக்கத்தில் பொறியாளர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். அவரை நாங்கள் சார் என்போம். மூன்றாமவன் மாமல்லபுரம் குப்பத்தில் பிறந்தவன். அண்ணன்மார் படகில் போக, இவன் கோயில் சாலையில் சின்னதாகக் கடை போட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு ஃபிலிம் ரோலும் பேட்டரியும் விற்றான். அவனும் நானும் பார்த்த முதல் நாளே மச்சான் ஆகிவிட்டோம்.

தொண்ணூறுகளில் மூன்று பேரிடமும் ஃபிலிம் கேமராதான். சண்டைக்கு இடமில்லை. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, அமெரிக்காவிலிருந்து வந்த மச்சினர் மூலம் சார் ஒரு பெரிய டிஜிட்டல் கேமராவை வரவழைத்தார். குப்பத்து நண்பன், ஊர் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவரிடம் பேரம் பேசி, சட்டைப்பையில் அடங்குகிற டிஜிட்டல் ஒன்றை வாங்கினான். நான் மட்டும் பழைய ஜப்பான் கேமராவை விடவில்லை. அதில் ஃபோகஸ் தானாக வராது. இடது கண்ணை மூடி, வலது கண்ணை வைத்துப் பார்த்து, உருவம் தெளிகிறவரை வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். மெஷினை நம்புகிறவன் படம் எடுக்கிறவனே இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டீக்கடையில் முழங்குவேன். சார் தன் கேமராவில் எடுத்த உடனே படத்தைப் பார்க்கலாம் என்பார். உடனே பார்க்கிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும் என்பேன். குப்பத்து நண்பன் இரண்டு கட்சியிலும் சேரமாட்டான். உங்க ரெண்டு பேருதும் பையில தூங்குது, என்னுது பாக்கெட்ல முழிச்சிகினு கீது என்று ஒரே வார்த்தையில் எங்களை அடக்கிவிடுவான்.

அந்த வருஷம் என் படங்கள் மங்க ஆரம்பித்தன. முதலில் லேப்காரனைத் திட்டினேன். வேறு லேபுக்குப் போனேன், அங்கேயும் அப்படியே. பிறகு ஒரு காலை, புதிதாக வாங்கிய பழைய லென்ஸ் ஒன்றோடு ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் போய்க் கேமராவில் கண்ணை வைத்தேன். நடுவில் செங்கல் வரிசை புடைத்திருந்தது. பானையின் வயிறு மாதிரி.

லென்ஸ் கோணல் என்று அறிவித்தேன். ஆனால் படம் கழுவி வந்தபோது வரிசை நேராக இருந்தது, மங்கல் மட்டும்தான். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. படத்தில் நேராக வருகிறது, பார்க்கும்போது மட்டும் வளைகிறது என்றால், கேமராவுக்குள் கண்ணுக்குப் படத்தைத் திருப்பிவிடும் கண்ணாடிதான் நெளிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். கேமராவைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவன் நேராகக் கண் டாக்டரிடம் போயிருப்பான். எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வினை.

அதைவிட இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. என் அப்பாவுக்கு ஐம்பது வயது ஆகும் முன்பே பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. எழுத்தைப் பார்த்தால் எழுத்து அழியும், முகத்தைப் பார்த்தால் முகம் அழியும். குடும்பத்தில் வரக்கூடியது என்று அப்போதே டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. இடது கண்ணை வைத்து ஒரே ஒரு முறை கேமராவுக்குள் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்துபோயிருக்கும். பயந்து அதைச் செய்யவில்லை.

அதற்குப் பதில் அலைந்தேன். லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறி, கேமரா ரிப்பேர் செய்கிறவரிடம் உள்கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். சுத்தமா இருக்கு சார் என்று திருப்பித் தந்தார். நம்பாமல் வேறொருவரிடம் போனேன். ஒரு லென்ஸை விற்று இன்னொன்று வாங்கினேன், அதையும் சுவருக்குக் கொண்டுபோனேன், அதுவும் புடைத்தது. திரும்பும் ரயிலில் பொத்தேரிக்குப் போகிற கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபோனில் ஒருவரையொருவர் படம் எடுத்துக் கும்மாளம் போடுவார்கள். கூடுவாஞ்சேரியில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் பிளாட்பாரத்திலேயே நின்று, எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையை வலது கண்ணால் மட்டும் பார்க்கலாமா என்று நினைப்பேன். பார்க்காமலேயே நடப்பேன். ராத்திரி சாப்பாட்டில் மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையும் கசந்துபோனது. டிஜிட்டலைப் பற்றிச் சார் எது சொன்னாலும் சீறினேன். கடைசியில் அவர் தமக்குத் தெரிந்த வழியில் ஒரு யோசனை சொன்னார். ஒரே நாள், ஒரே இடம், இருவரும் கேமராவை மாற்றிக்கொள்வோம். உங்கள் கேமரா கெட்டுப்போயிருந்தால் என் கையிலும் கெட்டுத்தானே எடுக்கும் என்றார். நியாயமான பேச்சு. அதனாலேயே சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். வங்கியில் கணக்கு முடிப்பு என்றேன், கல்யாணம் என்றேன், சளி என்றேன். குப்பத்து நண்பன்தான் ஒரு ஞாயிறு டீக்கடைக்கே தன் மாமன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

கடப்பாக்கம் போனோம். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவருக்கு அப்பால் கழிமுகம், அதற்கு அப்பால் மணல்திட்டு, அதைத் தாண்டிக் கடல். படகுகளில் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். சார் என் கேமராவை வாங்கி, என்னிடம் ஒன்றும் கேட்காமல், நிதானமாக வளையத்தைத் திருப்பித் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அவருடைய கேமரா என் கையில் கனத்தது. அதிலும் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் ஒருநாளும் பார்த்ததில்லை, பிடிவாதம்.

படகுகளை விட்டுவிட்டுத் தூரத்துக் கடலுக்கு நேராகப் பிடித்தேன். கடலும் வானமும் சேரும் கோடு. அதைவிட நேரான கோடு உலகத்தில் ஏது. அந்தக் கோட்டின் நடுவில் ஒரு மேடு இருந்தது. கேமராவை இடது பக்கம் திருப்பினேன், மேடும் கூடவே வந்தது. வலது பக்கம் திருப்பினேன், அங்கேயும் வந்தது.

இதுவும் கோணல் என்று கத்தினேன். இருவரும் வந்தார்கள். குப்பத்து நண்பன் கேமராவைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா மச்சான், கடல்ல போய் மேடு கீதுன்ற?"

கேலியாகத்தான் ஆரம்பித்தான், பாதியில் குரல் இறங்கிவிட்டது. சார் கேமராவை அவனிடமிருந்து வாங்கி மறுபடி என் கையில் கொடுத்தார். "இடது கண்ணால பாருங்க" என்றார், அவ்வளவுதான் சொன்னார்.

இடது கண்ணை வைத்தேன். கோடு நேராக இருந்தது. கேமராவை இறக்காமல் ரொம்ப நேரம் அப்படியே நின்றேன், இறக்கினால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. நண்பன் என் தோளில் கையைப் போட்டு வண்டிவரை கூட்டிப்போனான். திரும்பி வரும் வழியெல்லாம் யாரும் ஃபிலிமா டிஜிட்டலா என்று பேசவில்லை. அடுத்த வாரம் அந்த ரோலைக் கழுவியபோது, என் கேமராவில் சார் எடுத்த படங்களில் வலையின் கண்ணைக் கூட எண்ணலாம் போல இருந்தது.

சென்னைக் கண் மருத்துவமனையில் அதிகம் சொல்லவில்லை. விழித்திரையின் நடுப்பகுதி கெட ஆரம்பித்திருக்கிறது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும், அதனால் பலருக்கு வருஷக்கணக்கில் தெரியாது, உங்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிட்டது என்றார் டாக்டர், பாராட்டுகிற மாதிரி. இடது கண்ணுக்கும் வருமா என்று கேட்டேன். வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை. வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் எந்த ஸ்டேஷன் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன்.

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு நான் கொடுத்தது இதுதானா என்று மனிதர் உட்கார்ந்துவிடுவார். சில மாதம் கழித்துத்தான் செங்கல்பட்டில் அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா டிவி முன்னால் இருந்தார், சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு. பக்கத்தில் உட்கார்ந்தேன். வங்கியைப் பற்றி, கூடுவாஞ்சேரியில் ஏறிப்போன மனை விலையைப் பற்றிப் பேசினோம். பார்வையின் நடுப்பகுதி இல்லாதவர்கள், ஒருவர் முகம் தெரிய வேண்டும் என்றால் நேராகப் பார்க்கமாட்டார்கள். தலையைக் கொஞ்சம் திருப்பி, நம் காதைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள், அப்போதுதான் ஓரப்பார்வையில் முகம் விழும். அப்பா வெகுகாலமாக அப்படித்தான் என்னைப் பார்க்கிறார். அன்றும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்தினார். மாதக்கணக்கில் வலது கண்ணை மட்டும் திறந்து சோதித்துப் பார்த்த பழக்கத்தில், நானும் தலையைத் திருப்பி அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எந்தக் கண்ணுடா?" என்றார்.

"வலது."

டிவியை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். "இன்னும் போட்டா எடுத்துகினுதான் கீறியா?" என்று கேட்டார். இடது கண்ணை வைத்து எடுக்கிறேன் என்றேன்.

"அப்ப சீக்கிரம் எடு" என்றார்.