பால்சுறாவும் பழக்காத சட்டியும்

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது நாங்கள் கரமனையில் ஆற்றை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நாகர்கோவில் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சிக்குள்ளேயே கிடந்த காலம். தலைப்பிரசவம் நாகர்கோவிலில் அம்மா வீட்டில் நடந்தது. இரண்டாவதற்கு அந்தச் சலுகை கிடையாது. அம்மாவுக்கோ முட்டுவலி, பஸ் ஏறி வர முடியாது. மூத்தவளை மட்டும் தன்னோடு வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு நான் அடுப்பு ஊதத் தொடங்கிவிட்டேன். தண்ணீர் இறைக்க, துணி அலச, சோறு வடிக்க எல்லாவற்றுக்கும் நான்தான். பாலும் நான்தான் கொடுக்க வேண்டும். அது மட்டும் வரவில்லை.

பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு முகம் சிவக்க அழுவான். பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் முனகுவான். அந்த முனகல்தான் எனக்குப் பயம். எங்கள் பக்கத்தில் பால் குறைந்தவளுக்குப் பால்சுறாவைப் புட்டாகச் செய்து கொடுப்பார்கள்.

"நாளைக்குச் சொறா வாங்கிட்டு வாங்க. நீங்களே பொங்கியும் தாங்க. என்னால இனி எந்திரிக்க முடியாது" என்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் உடம்பு அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டது. காலையில் பாயைவிட்டு எழ முடியவில்லை.

அவர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வெந்நீர் வைக்கச் சொன்னால் எந்தப் பாத்திரத்தில் என்று கேட்கிற ஆள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சுறாவும் ஒரு புது மண்சட்டியும் வாங்கி வந்தார். வீடு மாறும்போது புழங்கிய மீன்சட்டியைத் தூக்கி வருகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. புதிது வாங்கி, கஞ்சித்தண்ணீர் ஊற்றி வைத்து, சிறுதீயில் காயவைத்துப் பழக்கித்தான் மீன் வைப்போம். வயிற்றுப்பிள்ளையோடு இந்த வீட்டுக்கு வந்ததில் அதற்கெல்லாம் எனக்கு ஓடவில்லை. அவருக்கோ அப்படி ஒரு சங்கதி இருப்பதே தெரியாது.

கொல்லைப்பக்க அடுக்களையிலிருந்து டப்பென்று கேட்டது.

"என்னவாக்கும் சத்தம்?"

"ஒண்ணுமில்ல. சட்டி விட்டுப் போச்சு."

"பழக்காத சட்டியவா அடுப்புல ஏத்துனிய?"

"சட்டியப் பழக்கணும்னு யாருட்டி சொன்னா? அது என்ன மாடா, பழக்கதுக்கு?"

எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. பிள்ளை பக்கத்தில் முனகிக்கொண்டிருந்தான். அவர் வெண்கலப்பானையைக் கையில் எடுப்பது கதவு வழியே தெரிந்தது.

"அதத் தொடாதீங்க. மீன் மணம் ஏறினா அதுல பொறவு சோறு பொங்க முடியாது."

பானையை வைத்துவிட்டு, பொத்தானும் நூல்கண்டும் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் தட்டிக் கவிழ்த்தார். சாம்பலில் விழுந்த துண்டுகளைக் கழுவி, மஞ்சள்பொடி போட்டு அந்த டின்னில் வேகவைத்தார். தோல் உரியவில்லை என்று இரண்டு தடவை என்னிடம் வந்து முறையிட்டார். இன்னும் வேகட்டும், தானாக வரும் என்றேன். உரித்து உதிர்த்த சதையைத் தன் துவர்த்திலேயே கட்டி ஈரம் போகப் பிழிந்தார். தலை துவட்டுகிற துவர்த்து அது. வதக்குவதற்கு அந்த உடைந்த சட்டியின் அடிப்பாகமே உதவியது. கனலில் அதை வைத்து உள்ளியும் பூண்டும் இஞ்சியும் போட்டார். அகப்பையையும் நான் தரமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆபீசுக்கு எடுத்துப்போகிற மர ரூலரால் கிளறினார். பக்கத்துத் தெரு அக்ரகாரம் என்பதால் பயந்து நடைக்கதவை வேறு சாத்திவிட்டு, புகையில் இருமிக்கொண்டிருந்தார்.

இலையில் வைத்துக் கொண்டுவந்தார். உப்பு அதிகம். பல்லில் சாம்பல் நறநறத்தது. முழுவதையும் தின்றேன். தின்னும்போது அழுகை வந்துவிட்டது. ஒருவர் சமைத்து என் முன்னால் இலை போட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தேன். காரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் எழாததால் தண்ணீரும் அவரே இறைத்தார். பிள்ளைத் துணியையும் அலசிப் போட்டார். நான் செத்தவள்போலத் தூங்கினேன். சாயங்காலம் விழித்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. பிள்ளையை எடுத்து அணைத்தேன். அவன் விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. குடித்துவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான்.

"பாத்தியா, சொறா சொறாதான்" என்றார் அவர்.

சுறாவால் வந்ததோ, ஒரு பகல் முழுக்க நான் படுத்துக் கிடந்ததால் வந்ததோ, எனக்கு அப்போதே சந்தேகம்தான். மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கும் சொறா வாங்கட்டா?" என்று கேட்டார்.

"சொறா வேண்டாம். இன்னைக்கும் லீவு போடுங்க" என்றேன்.

நல்ல தமாஷ் என்று சிரித்தார். குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் எழுந்து துணி வாளியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் சுறாவோடுதான் வந்தார். கூடவே ஒரு புதுச் சட்டியை நீட்டி, இதையாவது ஒழுங்காகப் பழக்கி வை என்றார்.