ஊராட்சி போன பிறகும் நின்ற படிக்கட்டு

போன செவ்வாய்க்கிழமை நகராட்சி ஆபீஸில் சத்தமாகப் பேசினேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்... எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

விஷயம் ஒரு படிக்கட்டு. பந்தலூர்ப் பக்கம், தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கும் குறுக்கு வழி. எங்கள் ஊராட்சி கட்டியது. சிலோனிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் கிராம சபையில் முதலில் கேட்டது விளக்கையல்ல, இந்தப் படியைத்தான். அந்த ஊராட்சி இப்போது இல்லை, நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். ஊராட்சி ஆபீஸ் இருந்த அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். ஓர் ஊராட்சியின் வரலாறு இப்படியா முடியும்?

கீழே இடம் வாங்கிக் காட்டேஜ் கட்டியவர், படியின் குறுக்கே கேட் போட்டுப் பூட்டினார். தன் இடம் என்றார். சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். செல்லம்மா அக்கா டயாலிசிஸுக்குக் கூடலூர் போகிறவர். இரண்டு வாரமாக அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு சுற்றினோம். இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டோம்.

நகராட்சி அதிகாரி ஆதாரம் கேட்டார். மூட்டைகளுக்கு அடியில் தும்மித் தும்மித் தேடி, கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தை எடுத்துவிட்டோம். வழிக்கு எஸ்டேட் இடம் கொடுத்தது, அதில் ஊராட்சி படி கட்டியது — எல்லாம் அதில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காட்டேஜ்காரரையும் எங்களையும் வைத்துக்கொண்டு அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். "கையெழுத்து எங்கீங்க? வெறும் நம்பரா இருக்குது?"

காட்டேஜ்காரர் சிரித்தார். "லாட்டரி ரிசல்ட்டுங்களா சார்?"

எஸ்டேட்டில் எங்களைப் பெயர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? காலையில் ஆள் எடுக்கும்போது நம்பரைச் சொல்வார்கள், நாங்கள் குரல் கொடுப்போம். கிராம சபையில் கையெழுத்துப் போடச் சொன்னதும், அவரவர் நம்பரை எழுதிவிட்டோம். அதுதான் முறை என்று நினைத்தோம்!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லம்மா அக்கா என் விலாவில் இடித்தார். "வாயத் தொறயேன்டா தம்பி. பத்திரிகையில மட்டும் வாராவாரம் கிழிக்கிற!"

எழுந்தேன். "சார்... நூத்திப் பதினெட்டு நாந்தானுங்க. இன்னைக்கும் அதே நம்பருங்க." குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பெயரும் நம்பரும் போட்ட சம்பளச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"எழுவத்தி மூணு நானு!" என்றார் அக்கா, உட்கார்ந்தபடியே.

அவ்வளவுதான். வாசலில் நின்ற எங்கள் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"நூத்தி அஞ்சு!"

"இருவது! அதுக்குக் கீழ நாப்பத்தொண்ணு எம் பொஞ்சாதிங்க. கொழுந்து எடுக்கப் போயிருக்கா, கூட்டியாரட்டுங்களா?"

ஆளுக்கொரு சீட்டு மேஜையில் விழுந்தது. அதிகாரி ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து டிக் அடித்தார். காட்டேஜ்காரர் போனை நோண்ட ஆரம்பித்தார்.

"இத்தன பேரு நேர்ல வந்து நின்ன பத்திரத்த நான் பாத்ததில்லீங்க," என்றார் அதிகாரி. பிறகு காட்டேஜ்காரர் பக்கம் திரும்பினார். "ஊராட்சி வழி இப்ப நகராட்சி வழிங்க. கேட்டைக் கழட்டிருங்க."

போர்டு இல்லை, தலைவர் இல்லை, ஆபீஸும் இல்லை. ஆனாலும் எங்கள் ஊராட்சி அன்றைக்கு ஒரு கூட்டம் போட்டு ஜெயித்துவிட்டது!

மறுநாள் காலை, கேட்டைக் கழற்றிய படியில் அக்கா மெதுவாக இறங்கினார். கேட் நின்ற இடத்தில் இரும்புத் தூண்கள் மட்டும் மிச்சம். ஒன்றைப் பிடித்து மூச்சு வாங்கியவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தத் தூண மட்டும் விட்டுரச் சொல்லு தம்பி... புடிச்சு எறங்க வாட்டமா இருக்கு!"