ஒன்றரை முதல் இரண்டரை வரை: ஓய்வு

இந்தக் கட்டுரையில் தேதி இருக்காது. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். எங்கள் பிளாக்கில் எந்தக் குவார்ட்டர்ஸுக்கு யார் எப்போது குடிவந்தார்கள், புயலில் எந்த வீதியின் மரங்கள் எந்தக் கிழமை சாய்ந்தன என்றெல்லாம் கேட்டால் உடனே சொல்லக்கூடிய ஆள் என்று நெய்வேலியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கேட்காவிட்டாலும் சொல்வேன் என்பாள் என் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் சொன்னாள்:

“அப்பா, நாம மூணு பேரும் ஒருநாள் தீம் பார்க் போலாமா? மெட்ராஸ் பக்கம் இருக்கே, அது.”

“போலாங்க. எங்கதான் போயிருக்கோம்?” என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவ்வளவு வேகமாக அவள் எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை.

சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது. என் மகள் கடலூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் போய்வரும் பேருந்திலேயே ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அவளுக்குத் தலை சுற்றும். மனைவியோ பங்குனி உத்திரத் திருவிழாவில் ஒரே ஒரு முறை ராட்டினத்தில் ஏறி, இறங்கியதும் வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தவள். ராட்டினம் ஆகாத இரண்டு பேர் ராட்டினங்கள் நிறைந்த இடத்துக்குப் போக ஆசைப்படுகிறார்கள். எதற்கு?

கேட்கவில்லை. ‘சரி, நான் பிளான் போடுகிறேன்’ என்று மட்டும் சொன்னேன்.

திட்டம் போடுவது என் தொழில். சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைச் சுமந்துவரும் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறேன். பழுது பார்ப்பதற்காக ஒரு பெல்ட்டை நிறுத்தினால், அதை ஷட்டவுன் என்போம், நிறுத்துவதற்கு முன்பே யார் எந்த வேலையை எத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்று கால் மணி நேரக் கட்டங்களாக எழுதிவிடுவோம். அதில் ஒரு வழக்கம் உண்டு. கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ‘இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் விட்டு வைங்க’ என்று எவராவது கேட்டால், அந்த ஆள் எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று பொருள். வர வேண்டிய பாகம் வந்திருக்காது, அல்லது வர வேண்டிய ஆள். இதுவரை நான் பார்த்ததில் இது தவறியதே இல்லை.

தீம் பார்க்குக்கும் அப்படியே எழுதினேன். பார்க்கின் வரைபடத்தை அவர்களுடைய இணையதளத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கி அச்சிட்டேன். எந்த வாசலில் நுழைவது, வெயில் ஏறுவதற்குமுன் எதைப் பார்ப்பது, எந்த விளையாட்டுக்குக் கூட்டம் எப்போது குறையும், கழிப்பறை எங்கே, காலணியை எங்கே வைப்பது எல்லாம் இருந்தது. நான்கு பக்கம் வந்தது. சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்தேன்.

மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

“மூச்சு வுடறதுக்கு எத்தினி மணிக்குப் போட்டிருக்கீங்க?”

“கிண்டலா?”

“பின்ன என்னாங்க? டீ குடிக்க அஞ்சு நிமிசம்னு எழுதியிருக்கீங்க. டீ சூடா இருந்தா?”

மகள் சிரித்தாள். “அப்பா, இவ்வளவு விவரம் வேணாம்பா. காலைல இது, சாயங்காலம் அதுன்னு சும்மா போட்டுக்கலாம். அங்க போய்ப் பார்த்துக்கலாம்.”

நியாயமான பேச்சு. ஒரு பக்கமாகச் சுருக்குவதற்கு ஒப்புக்கொண்டேன். மனைவி அடுத்துச் சொன்னதுதான் இடித்தது.

“ஒன்னரைலேர்ந்து ரெண்டரை வரைக்கும் எதுவும் போடாதீங்க. ஓய்வுன்னு எழுதுங்க.”

“எங்க ஓய்வு?”

“அருவி மாதிரி கட்டி வச்சிருக்காங்களே, அதுக்கு எதுத்தாப்புல இருக்கற ஃபுட் கோர்ட்ல.”

“அங்க ரெண்டு ஃபுட் கோர்ட் இருக்கு.”

“அருவிக்கு எதுத்தாப்புல இருக்கறது” என்று மகள் வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். “நுழைவாசல் பக்கத்துல இருக்கறது இல்ல.”

விவரம் வேண்டாம் என்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இவ்வளவு விவரம் கேட்டார்கள். பார்க்கை நேரில் பார்த்திராத மனைவிக்கு அருவிக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று யார் சொன்னது? நான் தலையாட்டிவிட்டு ‘ஓய்வு’ என்று எழுதினேன். புதுப் பக்கத்தை மகள் செல்போனில் படம் எடுத்தாள். எடுத்துவிட்டு எதையோ தட்டினாள்.

“யாருக்கு அனுப்பற?”

“எனக்கேதான்பா.”

அடுத்த வாரம் காடாம்புலியூரிலிருந்து மனைவியின் தம்பி வந்தார். பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, காபியைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டு நடப்பெல்லாம் பேசினார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

“மாமா, அந்த அருவிப் பக்கம் உக்கார நெழலு கிழலு இருக்குமா?”

“எந்த அருவி?”

“அட, எந்த அருவியா? சும்மா… பொதுவாக் கேட்டேன். வெயில் காலமில்ல?” என்று வண்டியை உதைத்தார். அது முதல் உதையில் கிளம்பவில்லை. நான்காவது உதை வரை என் முகத்தைப் பார்க்காமலே நின்றார்.

இதற்குப் பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மகளுக்கு ஏதோ வரன். மச்சான்தான் தரகு. பெண் பார்க்கும் படலத்தைத் தீம் பார்க்கில் வைத்திருக்கிறார்கள், பெண்ணின் அப்பனுக்குத் தெரியாமல்.

வெளியிடத்தில் பெண் பார்ப்பது எங்கள் டவுன்ஷிப்பில் புதிதில்லை. குவார்ட்டர்ஸில் ஒரு வெளியூர்க் கார் வந்து நின்று நான்கைந்து பேர் பட்டுப்புடவையோடு இறங்கினால், மாடி வீட்டு பால்கனியிலிருந்து எதிர் பிளாக் வரை தெரிந்துவிடும். முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஷிப்டுக்குப் போகும் பேருந்திலும் மார்க்கெட்டிலும் ‘என்ன ஆச்சு?’ என்ற கேள்வி மாதக்கணக்கில் நடக்கும். அதனால் பலரும் கோயில், ஓட்டல் என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள். என் மகளை இரண்டு முறை வீட்டில்தான் வந்து பார்த்தார்கள். முதல் வீட்டார் அவள் வேலையை விட வேண்டும் என்றார்கள், அவள் மறுத்தாள். இரண்டாவது வீட்டார் கேசரி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான், பதிலே இல்லை. இரண்டுக்கும் தேதி எனக்கு நன்றாகத் தெரியும்.

வெளியில் வைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என்னிடம் மறைத்ததுதான். பையன் யார், மறைக்க வேண்டிய அளவுக்கு அவனிடம் என்ன இருக்கிறது? வேலை இல்லாதவனா? முன்பே ஒரு முறை கல்யாணம் ஆனவனா? படுத்தால் இதே யோசனை. மனைவியிடம் நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பிரிவில் நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. வேலைகளின் வரிசையை மாற்றிப் பார்ப்போம். யார் பதறுகிறார்களோ, மறைப்பவர் அவர்.

அந்த நாள் வந்தது. வாடகைக் காரில் இருட்டோடு கிளம்பினோம். முத்தாண்டிக்குப்பம் தாண்டும்போதே மனைவி புளியோதரை டப்பாவைத் திறந்துவிட்டாள். மகள் சாதாரண சுடிதார்தான் போட்டிருந்தாள், ஆனால் காதில் இருந்தது நல்ல தோடு. தண்ணீரில் விளையாடப் போகிறவள் அதைப் போட மாட்டாள். அதையும் கவனித்துக்கொண்டேன்.

வாசலில் சீட்டு வாங்கி உள்ளே நுழைந்ததும் சொன்னேன்: “வெயில் அதிகமா இருக்கும் போலிருக்கு. வரிசையைத் திருப்பிடுவோம். அருவியை இப்பவே பார்த்துடலாம். மத்தியானம் அந்தக் கோடிக்குப் போயிடலாம். சாப்பாடும் அங்கேயே.”

மனைவி நின்றுவிட்டாள்.

“எழுதினதை மாத்துற ஆளா நீங்க? கல்யாண நாள்ல கோயிலுக்குப் போறதுக்குக்கூட நேரம் மாத்த மாட்டீங்களே!”

“வெயிலுங்கறேன்.”

“வெயில் இன்னிக்கிதான் புதுசா அடிக்கிதா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். சரியாகத்தான் பிடித்திருக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. காலை முழுவதும் அந்தத் திருப்தியோடுதான் நடந்தேன். அருவியைப் பார்த்தோம். சிமெண்டுப் பாறை. அதற்கு எதிரே இருந்த ஃபுட் கோர்ட்டில் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் இல்லை. மகள் அந்த இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தாள்.

ஒன்றரை மணிக்கு நாங்கள் பார்க்கின் மறுகோடியில், ஊஞ்சல்போல் ஆடும் பெரிய கப்பலுக்கான வரிசையில் நின்றோம். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வரிசை. முன்னாலும் பின்னாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். மகளின் செல்போன் இரண்டு முறை அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. கப்பல் எங்கள் தலைக்கு மேல் ஏறி இறங்கியது. அதைப் பார்க்காமல் அவள் என்னைப் பார்த்தாள்.

“அப்பா, அவரு அங்க உட்கார்ந்திருக்காரு.”

“எவரு?”

“மாமா சொன்ன வரன். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். காலைலயே தெரிஞ்சுபோச்சு.”

“வீட்டுப் பெரியவங்க?”

“யாரும் வரலை. நான்தான் தனியா வரச் சொன்னேன். விழுப்புரத்துலேர்ந்து பஸ் மாறி வந்திருக்காரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை? நான் வேணாம்னு சொல்லப்போறனா?”

“நீங்க வேணாம்னு சொல்ல மாட்டீங்க. சொன்னா அது ஒரு தேதி ஆயிடும்.”

எனக்குப் புரியவில்லை. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

“போன மாசம் மாடி வீட்டு அங்கிள் உங்ககிட்ட கேட்டாரே, ரெண்டாவதா வந்தவங்க எப்ப வந்தாங்கன்னு. நீங்க தேதி, கிழமை எல்லாம் சொன்னீங்க. அவங்க எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்புனாங்க, எல்லாம். நான் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்.”

மனைவி கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளே தொடர்ந்தாள்.

“கொஞ்ச நேரம் பேசணும். டிரே தூக்காம. சரிவந்தா நானே வந்து உங்ககிட்ட சொல்றேன். சரிவரலைன்னா, இது நடக்கவே இல்லைன்னு ஆகணும்பா. யாருக்கும். உங்களுக்கும்.”

பின்னாலிருந்த பிள்ளைகள் நகரச் சொல்லி முதுகில் தள்ளினார்கள். எங்கள் முறை வந்துவிட்டிருந்தது. கப்பலின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த பையன், “ஏறுங்க சார், ஏறுங்க” என்றான்.

“ஏறலப்பா. தலை சுத்தும்” என்றேன்.

வந்த வரிசையில் திரும்ப முடியாது. கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே வந்தோம். மனைவியின் புடவை ஒரு திருகாணியில் மாட்டிக்கொண்டது, மகள் விடுவித்தாள். வரைபடத்தில் அலைக்குளத்தின் பின்னால் அருவிக்குப் போக ஒரு குறுக்குப் பாதை இருந்தது. நான் முன்னால் நடந்தேன், நடந்தேன் என்பதைவிட ஓடினேன். வழியெல்லாம் ஈரம். “பாத்துப் போங்க, வுழுந்து கிழுந்து வைக்காதீங்க” என்று மனைவி பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். அந்த ஆள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தால், வராமல் போனது என் மகள் என்றுதான் ஆகும். மூன்றாவது முறை, இந்த முறை எங்கள் பக்கத்துக் குறை.

நாங்கள் ஃபுட் கோர்ட்டுக்குள் நுழைந்தபோது அவர் எழுந்து தோளில் பையை மாட்டிக்கொண்டிருந்தார். சராசரி உயரம், முன்தலையில் கொஞ்சம் வழுக்கை. பேண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. அலைக்குளத்தில் கால் வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த இடத்தில் தண்ணீரில் இறங்குகிறவர் என்ன மாதிரி ஆள்? மகள் தனியாகப் போனாள். அவர் பையை மறுபடி நாற்காலியில் வைத்தார்.

என்னை ஒரு தூணுக்கு அந்தப் பக்கம், அருவியைப் பார்த்தாற்போல் போட்டிருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள் மனைவி. நான் கழுத்தைத் திருப்பினேன்.

“அருவியைப் பாருங்க.”

“அவரு சிரிக்கிறாரு. எதுக்குச் சிரிக்கிறாரு?”

“பேசுனா சிரிக்க மாட்டாங்களா? நீங்க என்னா மைன்ஸ்ல செக்கிங் வந்த மாதிரி பாத்துக்கினு இருக்கீங்க.”

என்னை அறியாமல் கை மணிக்கட்டுக்குப் போயிற்று. அவள் பார்த்துவிட்டாள்.

“வாட்ச்சைக் கழட்டுங்க.”

“எதுக்கு?”

“கழட்டுங்கறேன்.”

கழற்றிக் கொடுத்தேன். கைப்பைக்குள் ஈரத்துண்டுக்கு அடியில் போட்டு ஜிப்பை இழுத்தாள். செல்போனையும் வாங்கிக்கொண்டாள். அதனால் அவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அருவி ஒரு முறை நின்று, மறுபடி விழத் தொடங்கியது. மோட்டாரை மாற்றியிருப்பார்கள்.

மகள் வந்து, “பசிக்குது. சாப்பிடலாமா?” என்றாள். அவ்வளவுதான். அவர் வெளிவாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா? அவள் பரோட்டாவை முழுதாகச் சாப்பிட்டாள். திரும்பும் வழியில் பண்ருட்டிவரை தூங்கினாள். இதையெல்லாம் எப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு முடிவும் கிடைக்கவில்லை. மனைவிக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கேட்கவில்லை.

அடுத்த முறை பகல் ஷிப்டுக்குப் போகும்போது, மாடி வீட்டுக்காரர் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன அண்ணே, குடும்பத்தோட தீம் பார்க் போனீங்களாமே! என்னைக்குப் போனீங்க?”

தேதி நாக்கின் நுனியில் இருந்தது. கிழமை, கார் கிளம்பிய நேரம், எல்லாம்.

“போன வாரமோ என்னமோ. நெனப்பில்ல.”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“உங்களுக்கா? நெனப்பில்லையா?” முன் சீட்டில் இருந்தவரின் தோளைத் தட்டினார். “கேட்டியாப்பா? அண்ணனுக்குத் தேதி நெனப்பில்லையாம். என்னமோ இருக்கு.”

மைன்ஸ் வாசல் வரும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.