சமஷ்டிக்குக் கையெழுத்து வாங்கிய கதை

இலங்கைக்குப் புதிய அரசியல் திட்டம் வரப்போகிறது, அதைப் பற்றி விசாரிக்க இங்கிலாந்திலிருந்து ஒரு குழு வருகிறது என்று இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முன்பே பேச்சு அடிபட்டது. நான் அப்போது தெல்லிப்பழையில் வாத்தியார். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் பங்கீட்டு அரிசிக்குக் கூப்பன் கடை வரிசை, வீட்டில் நோயாளி மனைவி. நின்றால் இருக்கவும், இருந்தால் படுக்கவும் தோன்றிய காலம் அது.

ஒருநாள் எங்கள் பகுதிப் பிரக்கிராசியார் என்னைக் கூப்பிட்டார். நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் கோட்டில், வழக்குப் பேசுகிறவர், அரசியலிலும் இருந்தார். ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கங்களை என் கையில் தந்தார்.

"மாஸ்டர், சமஷ்டி ஆட்சியைப் பற்றி நான் எழுதினது. தமிழிலை எழுதித் தாரும். சனத்துக்கு வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கிக் குழுவுக்கு அனுப்புவம்."

சமஷ்டி என்ற சொல் எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் இருக்கவில்லை. விஷயம் என்னவோ எளிதுதான். அதிகாரத்தைப் பிரித்து எழுதிவைக்க வேண்டும். படை, துறைமுகம், நாணயம் நடு அரசுக்கு. பள்ளிக்கூடம், காணி, ஆஸ்பத்திரி மாகாணத்துக்கு. எழுதிய சட்டம் இரண்டுக்கும் மேலே. ஒரு பக்கம் தனியே நின்று அதை மாற்ற முடியாது. சின்ன மாகாணமும் பெரிய மாகாணமும் சரிசமமாக இருக்க இன்னொரு சபை. இதைத் தமிழாக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது.

சண்டிலிப்பாய் வாசிகசாலையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டம். பிரக்கிராசியார் வரவில்லை. நானே வாசித்தேன். முடித்ததும் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் எழும்பினார். வயது அறுபது இருக்கும்.

"வாத்தியார், எனக்கும் என்ரை சித்தப்பாவின்ரை மகனுக்கும் ஒரு பங்குக் கிணறு. ஆருக்கு எந்த நாள் தண்ணியெண்டு காணி உறுதியிலை வடிவாய் எழுதிக்கிடக்கு. எண்டாலும் என்ரை நாளிலை அவன் இறைக்கிறான். ஆறு வருசமாய் வழக்கு. உங்கடை எழுத்தை ஆர் காப்பாத்துறது?"

"அதுக்குத்தான் பெரிய கோடு இருக்கும், அண்ணை."

"அந்த நீதவானை ஆர் வைக்கிறது?"

பன்னிரண்டு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. தெரியாது என்று சொன்னேன். யாரோ சிரித்தார்கள். தோட்டக்காரர் சிரிக்கவில்லை.

"நடு அரசே வைச்சால், அது அவையின்ரை கோடு. ரண்டு பகுதியும் சேந்து வைக்கோணுமெண்டு எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

அங்கேயே மேசையடியில் இருந்தபடி அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அவர் முதலாவதாகக் கையெழுத்து வைத்தார். கதவடியில் நின்ற ஒருவர் வந்து, பேனாவை வாங்கி, அதற்குக் கீழே வைத்தார். கிணற்றின் மற்றப் பங்குக்காரர் அவர்தான் என்று பிறகு சொன்னார்கள். இருவரும் முகம் பார்க்கவில்லை. பொழுதுபட முன்னம் நாலு தாள் நிறைந்துவிட்டது.

பத்து நாள் கழித்துப் பிரக்கிராசியாரிடம் கொண்டுபோனேன். அவர் தாள்களைத் தொடவில்லை.

"உது இனி வேண்டாம், மாஸ்டர். சட்டசபையிலை சிறுபான்மையினருக்குச் சரிபாதி இடம் கேக்கிறதெண்டு தலைவர்மார் முடிவெடுத்திட்டினம்."

"சனம் சமஷ்டிக்கெல்லோ கையெழுத்து வைச்சது, ஐயா?"

"இதுக்கும் வைப்பினம். நீர் போய்ச் சொல்லும்."

கோபப்படக்கூட எனக்குத் தெம்பிருக்கவில்லை. சைக்கிளை உழக்கிக்கொண்டு திரும்பவும் சண்டிலிப்பாய்க்குப் போனேன். தோட்டக்காரர் புகையிலைக் கன்றுகளுக்கு நடுவே நின்றார். சொன்னதைக் கேட்டுவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"நான் கேட்டது பிழையோ?"

"இல்லையண்ணை. உங்கடை வரிதான் அதிலை திறம்."

"அப்ப என்ரை பேரை வெட்டிவிடுங்கோ. நான் வாசிச்சுக் கேக்காத ஒண்டுக்கு அது போகக்கூடாது."

வரம்பில் குந்தியிருந்து வெட்டினேன். "உங்கடை சித்தப்பாவின்ரை மகன்ரை பேரை?" என்று கேட்டேன்.

"அதை அவனட்டைக் கேளுங்கோ. அதை வெட்டச் சொல்ல நான் ஆர்?"

அடுத்த வளவுக்குப் போய்க் கேட்டேன். அந்த மனிதர் தாளை வாங்கி, வெட்டுப்பட்ட பெயரைப் பார்த்தார். பிறகு திருப்பித் தந்தார்.

"என்ரை கிடக்கட்டும், வாத்தியார். அவன் எழுதுவிச்ச அந்த வரிக்குத்தான் நான் வைச்சனான்."

அந்தத் தாள்களை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பிறகு வந்த அரசியல் திட்டத்தில் சமஷ்டியும் இருக்கவில்லை, சரிபாதியும் இருக்கவில்லை. பள்ளிக்கூட இடைவேளையில் பத்திரிகையில் அதை வாசித்தேன். ஆசிரியர்களில் ஒருவர், "என்னவாம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிப் பத்திரிகையை அவரிடம் நீட்டிவிட்டு, கணக்குப் பாடத்துக்குப் போனேன்.