கீழே வைக்க முடியாத கத்தி

எழுபதுகளின் நடுவில், பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்தபோது, அத்தான் என்னிடம் ஒரு சிறு கத்தி வாங்கிவரச் சொன்னார். அக்காவின் கணவரான அவர், துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது அறுந்த கம்பிவடம் முகத்தில் அடித்து இரு கண்களையும் இழந்திருந்தார். அகப்பைக்குப் பூவரசங்கட்டையில் புதுக் காம்பு செதுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தட்டையும் கதவையும் என் முகத்தையும் விரலாலேயே அறிந்துகொண்டிருந்தவர் அவர். அந்த விரல்களில் ஒன்று போனாலும், அவருக்கு மிச்சமிருந்த உலகத்தில் ஒரு பகுதி போய்விடும்.

கடையில் மடக்குக் கத்திகளை ஒதுக்கினேன். அவை விரல்மேல் மடங்கக்கூடும். அலகும் பிடியும் அசையாமல் ஒன்றாக நின்ற, உள்ளங்கை நீளக் கத்தியொன்றைத் தேர்ந்தேன். பிடியின் ஆணிகள் ஆடவில்லை. ஆனால் வெயிலில் விளிம்பை நேராகப் பார்த்தபோது மெல்லிய வெள்ளைக்கோடு மின்னியது. அங்கே மழுங்கியிருக்கிறது என்று பொருள்.

மழுங்கிய கத்தி கட்டையில் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் கையில்தான் போய் நிற்கும். ஆகவே தீட்டியே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்து, நனைத்த சாணைக்கல்லில் சாய்வு மாறாமல் இழுத்தேன். எதற்கு அஞ்சினேனோ அதையே கூராக்கிக்கொண்டிருந்தேன். விளிம்பின் பிசிரைப் பழைய தோல்வாரில் தேய்த்து நீக்கி, என் கட்டைவிரல் நகத்தின்மீது அழுத்தாமல் வைத்துப் பார்த்தேன். வழுக்காமல் பற்றியது.

“கத்தியைக் கையில கொடுக்காதல, பகை வரும். கீழ வையி, அவுக எடுத்துக்கிடுவாக,” என்றாள் அக்கா, பழக்கத்தில்.

கீழே வைத்தால் அவர் தடவித்தான் எடுக்க வேண்டும். சொன்ன பிறகே அது அவளுக்கு உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கையிலயே கொடு மாப்ளே,” என்று அத்தான் சிரித்தார். “நமக்குள்ள பகைக்கு என்ன பஞ்சம்? என் சட்டையைக் கேக்காம மாட்டிக்கிட்டு அலையுதேல்லா?”

அலகின் முதுகை நான் பற்றிக்கொண்டு, பிடியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விட மனம் வரவில்லை.

“விடுல.”

விட்டேன். “கட்டையை நான் பிடிச்சுக்கிடுதேன் அத்தான். உங்க இடது கை பக்கத்துலயே வேண்டாம்.”

அவர் மறுக்கவில்லை. என் விரல்கள் இருக்குமிடத்தைத் தொட்டறிந்து, அவற்றுக்கு முன்னால் அலகை வெளிநோக்கி வைத்தார். அழுத்துவதற்குள் நிறுத்தினார்.

“ஏலே, உன் கை நடுங்குது. ஆடுத கட்டையில கத்தி எங்கன போவும்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்கன கொண்டா.”

அவர் பிடித்தால் நேரக்கூடியதையும் நான் பிடித்தால் நேரக்கூடியதையும் மனத்துக்குள் எடைபோட்டுப் பார்த்தேன். அவரைக் காப்பதாக நீட்டிய என் கையே இப்போது பெரிய ஆபத்தாகியிருந்தது. கட்டையைக் கொடுத்தேன்.

“இடது கை எப்பவும் அலகுக்குப் பின்னாலயே இருக்கணும் அத்தான்.”

“சரில, மூச்சு விடு.”

அவர் அழுத்தினார். அக்காவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. வெளிறிய சீவல் ஒன்று சுருண்டு தரையில் விழுந்தது. செதுக்கிய இடத்தைப் பெருவிரலால் நிதானமாக வருடிப் பார்த்துவிட்டுக் கட்டையைத் திருப்பினார்.

“இன்னும் நெறைய எடுக்கணும்,” என்றார்.